நைல் நதியில் ஒரு முதலாளி

“தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து காத்திருக்கவும்.” தொலைபேசியில் தேன் ஒழுகும் குரலில் கேட்டுப் பல்லைக் கடித்திருப்பீர்கள். அதை எழுதிய பாவி நான்தான். குரல் என் அண்ணியுடையது.

ஒலிப்பதிவுக் கூடத்தில் எங்கள் பிழைப்பே அதுதான். லிஃப்டுக்கு ஒரு வாக்கியம், வங்கிக்கு ஒரு வாக்கியம், கேஸ் கம்பெனிக்கு ஒரு வாக்கியம். எழுதி எழுதி, அண்ணன் குடிக்கத் தண்ணீர் கேட்டால்கூட “தயவுசெய்து காத்திருக்கவும்” என்று வாயில் வர ஆரம்பித்துவிட்டது. இப்படியே போனால் எனக்கு மரை கழன்றுவிடும் என்று பயந்துதான் அந்த எகிப்து நாடகத்தை எழுதினேன்.

கதை இதுதான். பழங்கால எகிப்தில் ஓர் அரசர் தனக்கு மாபெரும் பிரமிடு கட்டுகிறார். கடைசிக் கல்லையும் வைத்த பிறகுதான் அதற்கு வாசலே வைக்கவில்லை என்று தெரிகிறது. அரசியோ, “உள்ள போக முடியாதுன்னா என்ன, சாகாம இருந்துட்டுப் போங்க” என்கிறாள். எழுதும்போதே நான் விழுந்து விழுந்து சிரித்தேன்.

முதலாளி சிரிக்கவில்லை. அவர் சிரித்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை. “முதல் பகுதியை மட்டும் ரெக்கார்ட் பண்ணு. கேட்டு நான் சிரிச்சா மேல எடுக்கலாம். இல்லேன்னா மூட்டையைக் கட்டி வெச்சுட்டுப் பழைய வேலையைப் பாரு” என்றார். அந்த மனிதரைச் சிரிக்க வைப்பதைவிடச் சுலபமாக வாசலில்லாத பிரமிடுக்குள்ளேயே போய்விடலாம்.

அரசி, அண்ணி. அரசர், சோப்பு விளம்பரங்களில் முழங்குகிற ஒருவர். குரலுக்காக அவரை ‘இடி’ என்றுதான் கூப்பிடுவோம். நைல் நதி, ஒரு பிளாஸ்டிக் தொட்டி. எங்கள் சவுண்ட்காரர் முழங்கை வரை நனைந்தபடி அதில் அலை அடித்துக்கொண்டிருந்தார். முதலை கடிக்கிற சத்தத்துக்கு அவர் வாயில் ஒரு கேரட் தயாராக இருந்தது.

எங்கள் கூடத்தில் ஒரு பழக்கம் உண்டு. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் முதலாளி தலை தெரிந்தால், முதலில் பார்க்கிறவர் “முதலாளி” என்று முணுமுணுக்க வேண்டும். உடனே எல்லாரும் நிமிர்ந்து உட்காருவோம். யார் போட்ட சட்டமோ, எங்கள் நாக்கில் அப்படியே ஊறிவிட்டது.

அன்று அரசரும் அரசியும் ஆற்றில் குளிக்கிற காட்சி. கரையிலிருந்து முதலை வருகிறது. அண்ணி மைக்கில் வாயைத் திறக்கவும், கண்ணாடிக்குப் பின்னால் முதலாளி வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

“அரசே, முதலாளி வருது” என்றார் அண்ணி. “வாயைத் தொறந்துக்கிட்டு வருது. வயித்தைப் பாருங்க, எம்மாம் பெருசு.”

கையைக் காட்டி நிறுத்தலாம் என்றால் இடி தாளிலிருந்து தலையைத் தூக்கினால்தானே. அந்த மனுஷன் தன் வசனத்தை முழங்கினார்: “பயப்படாதே தேவி. போன மாசம்தான் நம்ம கணக்கரை முழுங்குச்சு. இன்னும் செரிச்சிருக்காது.”

போன மாதம்தான் முதலாளி எங்கள் கணக்கரை வேலையை விட்டு அனுப்பியிருந்தார். சத்தியமாக அதை நினைத்து நான் எழுதவில்லை. சவுண்ட்காரர் ஒரு பாவமும் அறியாமல் கேரட்டைக் கடித்தார்.

அண்ணி நாக்கைக் கடித்துக்கொண்டார். நாளையிலிருந்து மறுபடி லிஃப்டு, வங்கி, கேஸ் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

“அதைத் திரும்பப் போடு” என்றபடி முதலாளி உள்ளே வந்தார்.

போட்டோம். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்று கேட்டார். மறுபடியும் போடச் சொன்னார். முதுகு குலுங்கியது. கோபத்தில் மனிதருக்கு ஏதாவது ஆகித் தொலைக்கப் போகிறதே என்று நான் எழுந்தேன். அவர் திரும்பினார். கண்ணில் தண்ணீர், வாயெல்லாம் பல். அவருக்கு இத்தனை பற்கள் இருப்பது அன்றுதான் தெரியும்.

“கடைசியில அந்த முதலாளி என்ன ஆவுது?” என்றார்.

“பிரமிடுக்கு வாட்ச்மேனாப் போட்டுடறாங்க, சார்” என்றேன்.

“வாசலே இல்லையேம்மா.”

“அதான் சார் வேலை.”

“அதுக்கு ஒரு வசனமும் இல்லையா?”

சட்டைக் கையை மடித்துக்கொண்டு அவரே மைக் முன்னால் போய் நின்றார். எங்களையெல்லாம் நடுங்க வைக்கிறவருக்குக் குரல் நடுங்கியது. “அரசே, ஞாயித்துக்கிழமையாவது லீவு உண்டா?” என்று சொந்தமாக ஒரு வசனத்தைப் போட்டார். லீவு என்ற சொல் அவர் வாயில் வந்தது அதுவே முதல் தடவை. இடி நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார்.

இத்தோடு என் கஷ்டம் தீர்ந்தது என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். நாடகத்தை முழுதும் எடுத்து முடித்தோம்; வாங்கத்தான் ஆள் வரவில்லை. “எகிப்தா, அதெல்லாம் யார் கேப்பாங்க” என்றே எல்லாரும் கையை விரித்தார்கள். அப்போது கேஸ் கம்பெனி புதிதாகக் காத்திருப்பு வாசகம் கேட்டது. முதலாளி என்னைக் கேட்காமல், வாசகத்துக்குப் பதில் நாடகத்தையே அனுப்பிவிட்டார்.

நான் சண்டைக்கே போய்விட்டேன். “போயும் போயும் என் நாடகத்தைப் போன்ல காத்துக் கெடக்கறவங்களுக்கா போடுவீங்க? இதுக்குப் பழைய வாக்கியமே தேவலை சார்.”

“அவங்களைவிட்டா சும்மா உக்காந்து கேக்க யாரும்மா இருக்கா?” என்றார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அண்ணி சமாதானம் சொல்ல வந்தபோது அவரிடமும் எரிந்து விழுந்தேன்.

கொஞ்ச நாள் கழித்து கேஸ் கம்பெனியில் தொலைபேசிப் பிரிவைப் பார்க்கிற அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார். முதலாளி என்னையும் கூப்பிட்டார். சரி, நாடகத்தைத் தூக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று போய் நின்றேன்.

“இந்தக் கூத்தை எழுதினது நீங்கதானா?” என்றார் அந்த அம்மாள்.

“ஆமாங்க.”

“எங்க பொண்ணுங்களை வேலை செய்ய விட மாட்டேங்குதும்மா உங்க முதலை. நேத்து ஒரு பெரியவர் லைன்ல இருந்தார். எங்க பொண்ணு எடுத்து, சொல்லுங்க சார், என்ன விஷயம்னு கேட்டிருக்கா. அதுக்கு அவர் என்ன சொன்னார் தெரியுமா?”

நான் தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

“உங்க அழைப்பு எனக்கு ரொம்ப முக்கியம்மா. தயவுசெய்து காத்திருங்கன்னாராம்.”