மீன் தின்ற ஏழாவது குதிரை

நாலு வருடமாகக் குதிரைப் பல்லைத் துளைக்கிறேன். அதுவும் இருபதாயிரம் வருடத்துக்கு முன்னால் செத்துப்போன குதிரைகளின் பல். குதிரை எதைத் தின்றது, எந்த மண்ணில் தண்ணீர் குடித்தது என்பதெல்லாம் பல்லில் பதிந்திருக்கும். தூளாக்கி இயந்திரத்தில் வைத்து ஐசோடோப்புகளை அளந்தால் அத்தனையையும் காட்டிக்கொடுத்துவிடும். என்னிடம் ஏழு குதிரைகள். ஏழும் கோடையில் மலைக்கும் குளிரில் சமவெளிக்கும் போய்வந்தவை என்று நிரூபித்தால் ஆய்வேடு முடிந்தது. பேராசிரியர் இன்றைக்குள் கையெழுத்துப் போட வேண்டும். தவறினால் இன்னும் ஒரு வருடம் துளைக்க வேண்டும். நினைத்தாலே எனக்குப் பல் கூசுகிறது.

காலையில் முடிவுகள் வந்தன. ஆறு குதிரைகள் தங்கமாக நடந்துகொண்டிருந்தன. ஏழாவது, கடலோரத்தில் வளர்ந்து, வயிறு முட்ட மீன் தின்றிருந்தது.

"மீனா?" பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது குதிரைம்மா, பூனை இல்ல."

"மெஷின் அப்படித்தான் சார் சொல்லுது."

"இப்படி இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். அதோட மீன் பேச்சை என்கிட்ட எடுக்காத. மலையில பொறந்து வளந்தவன் நான். வாடை பட்டாலே குமட்டும்."

இந்த மலைப் புராணத்தைக் கேட்டுக் காது புளிக்காதவர்கள் எங்கள் கட்டடத்திலேயே கிடையாது. அவருக்காகவே அவர் மனைவி இருபத்திரண்டு வருடமாக வீட்டில் மீனை அடுப்பில் ஏற்றியதில்லை. அந்த மனைவிதான் இயந்திரத்தை இயக்கும் அக்கா. மீன் என்றால் அக்காவுக்கு உயிர்.

அக்காவிடம் ஓடினேன். "என் ஏழாவது குதிரைக்கு என்னாச்சுக்கா? என் வயித்துல அடிச்சிட்டீங்களே!"

அக்கா தாளைப் பார்த்தாள். "ஐயையோ, சொல்ல மறந்துட்டேன்டி! ஏழாவது வரிசையில வேற தூள் வச்சேன். உன் குதிரை எட்டுல இருக்கு."

எங்கள் ஆய்வகத்தில் தூள் குழாய்களில் பெயர் எழுதுவதில்லை. தட்டில் எத்தனையாவது வரிசை என்பதுதான் அடையாளம். ஏழு குதிரை வைத்தவள் எட்டாவது வரிசையை எதற்குப் பார்க்கப் போகிறேன்? இப்போது பார்த்தேன். மலை, சமவெளி, மலை, சமவெளி. என் செல்லமே! அப்பாடா என்று நாற்காலியில் விழுந்தேன்.

"அப்போ மீன் தின்னது யாருக்கா?"

அக்கா மென்று விழுங்கிச் சொன்னாள். போன மாதம் பேராசிரியருக்குக் கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். அதைத் தூளாக்கித்தான் ஏழில் வைத்திருக்கிறாள். அவர் வளர்ந்த மலையை எண்களாக அச்சடித்து, சட்டம் போட்டு, பிறந்தநாளுக்குக் கொடுக்க அவளுக்கு ஆசை. அந்த நேரம் பார்த்து அவரே உள்ளே வந்தார். அக்கா தாளை நீட்டினாள்.

"என்னங்க, இது உங்க பல்லு."

மனிதர் திருதிருவென விழித்தார். "மொத தடவை பேசினப்ப, மலைன்னா உனக்கு உயிருன்னு சொன்ன. கடலோரத்துக்காரன்னு தெரிஞ்சா வேணாம்னுடுவியோன்னு பயந்துட்டேன்."

"உங்களுக்காக இருபத்திரண்டு வருசம் வாயைக் கட்டியிருக்கேன்!"

"எனக்கு மட்டும் நாக்கு ஊறலையா?"

அக்கா முறைத்தாள். பிறகு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "சும்மா பேச்சுக்குச் சொன்னேங்க. நான் மலைப்பக்கம் போனதே இல்ல."

"நானும்தான்."

எனக்கு வந்த கோபத்துக்கு இரண்டு பேர் பல்லையும் துளைத்திருப்பேன். படிவத்தை நீட்டினேன்.

"மொதல்ல இவளுக்குக் கையெழுத்தைப் போடுங்க" என்றாள் அக்கா. "மீன் கடை மூடிடும்."

படித்துக்கூடப் பார்க்காமல் போட்டார். என் ஏழு குதிரைகளும் வருடம் தவறாமல் மலை ஏறியிருக்கின்றன. இவர்கள் இரண்டு பேரும் கைகோத்துக்கொண்டு மீன் கடைக்குப் போனார்கள்.