புழுக்கம் தெரியாத வீடு

குளிர்பதனக் கிடங்கு கட்டுகிறவரின் மனைவி மூன்று கோடையும் மூன்று குளிர்காலமும் நிறைமாதமாகவே இருந்தாள். மற்றபடி அந்த வீட்டில் ஒரு குறையும் இல்லை. ஊரார் ஆப்பிளுக்கே அப்படிச் சுவர் எழுப்புகிற மனிதர், சொந்த வீடென்றால் சும்மா விடுவாரா? இரட்டைச் செங்கல் சுவர், நடுவே கனத்த தெர்மோகோல், ஜன்னலுக்கு இரண்டடுக்குக் கண்ணாடி, கதவிடுக்கெல்லாம் ரப்பர் பட்டை. தெருவில் தார் இளகிச் செருப்பைப் பிடித்துக்கொள்ளும் மத்தியானங்களில் உள்ளே போர்வை கேட்கும். வெளியே பல் கிட்டித்துப்போகும் குளிரில் இங்கே வெறும் பனியனோடு உலாவலாம். இரண்டு நாள் தங்க வந்த நாத்தனார் வருஷக்கணக்காகக் கிளம்பிக்கொண்டே இருந்தாள்.

பிள்ளை வயிற்றுக்குள் நன்றாகத்தான் வளர்ந்தது. சிரிக்கக் கற்றது, பிறகு மிக்ஸி ஓடினால் அதட்டவும் கற்றது. வயிறு மட்டும் பெருக்கவில்லை, இடம் எப்படிப் போதுமாயிற்றோ! தெருவுக்குப் போனால் வீட்டுப் பக்கமாகவே உதைக்கும். அவள் கால்களும் தாமாகத் திரும்பிவிடும். வாங்கி வைத்த சட்டைகளெல்லாம் அளவு பத்தாமல் போக, அந்த முகத்தை ஒரு தடவை பார்க்க மாட்டோமா என்று அவள் ஏங்கிப் போனாள். மாதாமாதம் பார்க்க வரும் நர்சம்மாதான் கடைசியில் போட்டு உடைத்தாள்.

"இங்க வந்ததுலேர்ந்து ஒருநாளாவது உனக்கு வேர்த்திருக்கா? உனக்குப் புழுங்கினாத்தானேம்மா அதுக்கும் புழுங்கும். இவ்வளவு சுகத்த விட்டுட்டு அது எதுக்கு மெனக்கெட்டு வெளிய வரணும்?"

கணவருக்கு முகம் சுண்டிவிட்டது. "என் சுவரையா குறை சொல்லுது அந்தம்மா?"

எதிர்த்துப் பேசியே அறியாதவள் அன்று பிடித்துக்கொண்டாள். "நான் என்ன நீங்க அடுக்கி வெச்ச ஆப்பிளா? எனக்கு எம்புள்ள முகத்தப் பாக்கணுங்க!"

காய் நறுக்கும் கத்தியால் ஜன்னலின் ரப்பர் பட்டையை அவளே கிழிக்க ஆரம்பித்தாள். தடுக்க வந்தவர் அவள் அழுவதைப் பார்த்தார். பிறகு, தன் பல்லைத் தானே பிடுங்கிக்கொள்கிறவர்போல முகத்தை வைத்துக்கொண்டு, மிச்சத்தைப் பிய்த்து எறிந்தார். உச்சிவெயில் காற்று புழுதியோடும் ஹாரன் சத்தத்தோடும் உள்ளே நுழைந்தது. நாத்தனார் அடுத்த பஸ்ஸைப் பிடித்தாள். பிள்ளைத்தாய்ச்சிக்கு நெற்றியில் வேர்த்தது, முதுகில் வேர்த்தது, இடுப்பில் வலி எடுத்தது.

பெண் குழந்தை. வாய் நிறையப் பல், தோள் வரை முடி. அழவில்லை. கையால் விசிறிக்கொண்டு, "என்னம்மா இப்படிப் புழுங்குது?" என்றது.

தகப்பன் ஜன்னலைச் சாத்த ஓடினார்.

"இருக்கட்டுங்க, பழகிக்கட்டும்."

பார்க்க வந்த அக்கம்பக்கத்தார், மூக்கு அப்பன் மூக்கா அம்மா மூக்கா என்று சண்டை போட்டுக்கொண்டார்கள். அட்டையால் விசிறியபடி, அவள் அந்த வேர்த்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.