பன்னிரண்டு மணி பதினான்கு நிமிடம்

சாப்பாட்டு மணி அடித்ததும் எழிலரசி தையல் மெஷினை நிறுத்திவிட்டு வாசலறைக்கு ஓடினாள். ஆம்பூரில் அவள் வேலை பார்க்கும் ஷூ கம்பெனியில் செல்போனை உள்ளே விடமாட்டார்கள். காலையில் கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அதில் ஏழெட்டு நிமிடம் வரிசையிலேயே போய்விடும்.

போன் கைக்கு வந்தபோது மணி பன்னிரண்டு முப்பத்தெட்டு. புங்க மரத்தடியில் நின்று, வீட்டில் மாட்டியிருக்கும் கேமராவின் ஆப்பைத் திறந்தாள். வட்டம் சுற்றிச் சுற்றி நின்று, பிறகு வீடு வந்தது. கட்டில், மேசை விசிறி, தண்ணீர்ச் செம்பு. கணவன் மதியழகன் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தான்.

ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஷாப்பில் இருபத்திரண்டு வருஷம் உழைத்தவன். போன ஆடியில் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்துவிட்டன. ஓசூரில் வேலை பார்க்கும் மகன் நவீன்குமார்தான் கேமரா வாங்கி வந்து மாட்டினான். அம்மாவும் தானும் எங்கிருந்தாலும் பார்க்கும்படி இரண்டு போனிலும் ஏற்றிவைத்தான். தினமும் இந்த நேரத்துக்கு எழிலரசி மைக் படத்தை அழுத்திக்கொண்டு பேசுவாள். மதியழகன் திரும்பிப் பார்த்து வலது கையைத் தூக்குவான்.

"இன்னாய்யா, கஞ்சி குடிச்சியா?"

அவன் அசையவில்லை.

காலையில் சண்டை. "அந்த கேமராவ நிறுத்திட்டுப் போ. லுங்கி மாத்துறதுகூட தெரியுது. நான் இன்னா சர்க்கஸ்ல கீற கரடியா?" என்று கத்தினான். "நீ விழுந்து கெடந்தா யாரு பாக்குறது?" என்று அவளும் கத்திவிட்டுத்தான் கிளம்பியிருந்தாள்.

"கோவமா? சரி, இருந்துக்கோ. சாயங்காலம் வந்து பேசிக்கிறேன்."

பக்கத்து மெஷின் பில்கிஸ் டிபன் பாக்ஸைத் திறந்தபடி சிரித்தாள். "அண்ணன் இன்னிக்கு பேஜாராக்கா?"

"ஆமா. மூஞ்சியே காட்ட மாட்டேங்குது."

வீடு ஷேர் ஆட்டோவில் இருபது நிமிடத் தூரம். மணி அடித்தது. போனைக் கொடுத்துவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

மூன்றேகால் மணிக்கு சூப்பர்வைசர் மெஷினருகே வந்து நின்றார். அவரே சுவிட்சை அணைத்தார். "வீட்டுலேர்ந்து போன் வந்துதும்மா. வண்டி சொல்லியிருக்கேன். பில்கிஸ், நீயும் கூட போ." அவர் முகத்தைப் பார்த்ததும் எழிலரசி டோக்கனை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

பக்கத்து வீட்டு சம்பூர்ணம் அக்கா மூன்று மணிக்கு டீ கொண்டுபோய்க் கூப்பிட்டிருக்கிறாள். தொட்டுப் பார்த்தபோது உடம்பு சில்லிட்டிருந்தது.

ஆறு மணிக்குள் தெருவில் பந்தல் போட்டுவிட்டார்கள். வீட்டுக்குள் ஃப்ரீசர் பெட்டி வந்து இறங்கியது. நெமிலியிலிருந்து வந்த மதியழகனின் அண்ணன் ராமமூர்த்தி, தம்பியின் காலடியில் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வெளியே போய் ஜோசியரிடம் போனில் பேசிவிட்டு அவளிடம் வந்தார்.

"எழிலு, உசுரு எத்தினி மணிக்கு போச்சுன்னு தெரியணும். ஒன்னே முக்கால் வரைக்கும் ரேவதி நட்சத்திரமாம். அதுல போயிருந்தா அடைப்பு. ரூமை ஆறு மாசம் பூட்டி வெக்கணும்."

"இருக்கறதே ஒரு ரூம்தான் மாமா."

"அதான். யாரும் கூட இல்ல. கேமராவுல இருக்குமில்ல? பாத்துச் சொல்லு."

போனை எடுத்துக்கொண்டு கொல்லைப்புறம் போய்த் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தாள். பகல் முழுவதும் நடந்தது கேமராவுக்குள் இருக்கும் கார்டில் பதிவாகியிருந்தது. விரலால் நேரத்தைத் தள்ளிக்கொண்டே போனாள்.

பதினொன்று பத்து. சம்பூர்ணம் கஞ்சி ஊட்டுகிறாள். பன்னிரண்டு. கட்டிலில் தனியாக அவன். நல்ல கையை ஊன்றி, இரண்டு தரம் சரிந்து, மூன்றாம் தரம் எழுந்து உட்காருகிறான். துண்டைச் செம்புத் தண்ணீரில் நனைத்து முகம் துடைக்கிறான். தலையணைக்கு அடியிலிருந்து சீப்பை எடுத்து, கேமராவை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே தலை வாருகிறான். வகிடு கோணலாக வந்ததுபோல் கலைத்துவிட்டு, மறுபடியும் வாருகிறான்.

எழிலரசி முந்தைய நாளைத் திறந்தாள். பன்னிரண்டு மணிக்கு அதே துண்டு, அதே சீப்பு. அதற்கு முந்தைய நாளும் அப்படித்தான். அவள் கூப்பிடும்போதெல்லாம் அவன் படுத்துக்கிடந்ததைத்தான் பார்த்திருக்கிறாள்.

திரும்ப இன்றைக்கு வந்தாள். சீப்பை வைக்கப் போனவன் நெஞ்சைப் பிடித்தான். மெல்லச் சுவர்ப்பக்கம் ஒருக்களித்துச் சாய்ந்தான். முதுகு இரண்டு முறை ஏறி இறங்கியது. பன்னிரண்டு பதினாலு. அதற்குப் பிறகு விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. பன்னிரண்டு முப்பத்தெட்டுக்கு அந்த அறைக்குள் அவள் குரல் வந்தது.

"கோவமா? சரி, இருந்துக்கோ."

போனை மடியில் கவிழ்த்தாள். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். தோள்கள் மட்டும் குலுங்கின.

"அம்மா."

நவீன்குமார். ஓசூர் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக வந்தவன், பையைக்கூடக் கழற்றவில்லை. அவளுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"பன்னெண்டு இருவதுக்கு நான் ஒரு தபா பாத்தேம்மா. தூங்குறாருன்னு நெனச்சு மூடிட்டேன். அப்பவே போய்ட்டாராம்மா? இல்ல, உசுரு இருந்துதா? சம்பூர்ணம் அத்தைக்கு ஒரு போன் போட்டிருந்தா..."

அவன் தன் போனை எடுத்துக் கையில் வைத்திருந்தான். திறக்கத் துணிவில்லாமல் பெருவிரல் கண்ணாடி மேல் நின்றது.

"நீ பாக்காத. அம்மா பாத்துட்டேன். பெரியப்பா பந்தல்ல இருக்காரு, கூட்டிட்டு வா."

அவன் போனதும் அவள் பதிவைப் பன்னிரண்டு மணிக்குத் தள்ளினாள். இன்னொரு தரம் பார்த்தாள். எழுந்தான், முகம் துடைத்தான், வாரினான், கலைத்தான், வாரினான். அத்தோடு நிறுத்திக்கொண்டாள். கார்டை அழிக்கும் இடத்தை நவீன்தான் ஒருநாள் காட்டிக் கொடுத்திருந்தான். அழுத்தினாள். எல்லாம் போய்விடும், சம்மதமா என்று போன் கேட்டது. விரல் வெகுநேரம் அப்படியே நின்றது. கொல்லைக் கதவில் செருப்புச் சத்தம் கேட்டபோது அழுத்தினாள்.

"பாத்தியாம்மா?" ராமமூர்த்தி கேட்டார். நவீன் அவர் பின்னால் நின்றிருந்தான்.

"ரெண்டேகால் மாமா."

"நல்லா பாத்தியா?"

"பாத்தேன். தூக்கத்துலயே போய்ட்டாரு. ஒன்னும் கஷ்டப்படல."

ராமமூர்த்தி பெருமூச்சு விட்டுவிட்டு வாசலுக்குப் போனார். "அடைப்பு இல்லப்பா" என்று அவர் சொல்வதும், நாற்காலிகள் நகர்வதும் கேட்டன.

"அப்போ பன்னெண்டு இருவதுக்கு நான் பாக்கச்சொல்ல தூங்கினுதான் இருந்தாரா?"

"ஆமாடா."

"அதுக்கு அப்புறம் நீ பேசுனியா?"

"பேசுனேன்."

"இன்னா சொன்னாரு?"

சம்பூர்ணம் அக்கா கொடுத்தனுப்பிய தூக்குச்சட்டி படியில் இருந்தது. எழிலரசி அதைத் திறந்து இட்லியை எடுத்துத் தட்டில் வைத்தாள்.

"பையன் வேளாவேளைக்கு சாப்புடுறானான்னு கேட்டாரு."

நவீன் பையைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டான். மெல்ல முடியாமல் மென்றான். அவன் கடைசித் துண்டை விழுங்கும்வரை எழிலரசி தண்ணீர் டம்ளரைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.