எரிகிற டியூபுக்கு ஸ்டார்ட்டர் வேண்டாம்

எரிந்துகொண்டிருக்கும் டியூப் லைட்டிலிருந்து ஸ்டார்ட்டரைக் கழற்றினால் அது அணையாது. ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்த எல்லோருக்கும் இது தெரியும். நாவலூரில் நான் வேலை பார்த்த ஐ.டி. கட்டிடத்தின் மெயின்டனன்ஸ் மேனேஜர் ஹரிஹரனுக்குத் தெரியாது. அந்த ஆளை ஒழித்துக்கட்ட எனக்கு அது போதுமாக இருந்தது.

எட்டு மாதம் முன்னால் மாடிகளில் எல்லாம் எல்.இ.டி. மாற்றினார்கள். கழற்றிய பழைய டியூப்களுக்குள் பாதரசம் இருக்கும். முழுசாக, அதற்கென்று உள்ளவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். 'இடத்தை அடைக்குது' என்று ஹரிஹரன் எல்லாவற்றையும் டிரம்மில் போட்டு உடைக்கச் சொன்னார். சிதறியதை வாரச் சொல்லித் துப்புரவு வேலை பார்த்த கல்யாணியைக் கூப்பிட்டார். அவள் கையுறை கேட்டாள்.

"ரெண்டு நிமிஷ வேலைக்குக் கிளவுஸ் இன்னாத்துக்கு?" என்றார் அந்த மகராசன்.

கண்ணாடி அவள் உள்ளங்கையில் இறங்கி நரம்பை அறுத்தது. விபத்து அறிக்கையில் அவளுடைய 'கவனக்குறைவு' என்று எழுதி அவரே கையெழுத்தும் போட்டார். மறுநாளே கான்ட்ராக்ட்காரன் அவளை நிறுத்திவிட்டான். லீவு நாட்களில் திருக்கழுக்குன்றம் மலையடிவாரத்தில் பூ கட்டி விற்றவள் அவள். இப்போது வலது கையில் இரண்டு விரல்கள் மடங்குவதில்லை. என்னோடு ஒரே டப்பாவில் சாப்பிட்டவள். நான் அழவில்லை, காத்திருந்தேன்.

போன மாதம் பாதுகாப்பு ஆய்வுக்குப் பிரபாவதி மேடம் வந்தார். கரண்ட்டை நிறுத்தி ஜெனரேட்டருக்கு மாற்றிப் பார்ப்பது அவர் வழக்கம். பேஸ்மென்ட் பம்ப் ரூமில் மட்டும் இன்னும் ஆறு பழைய டியூப்கள் இருந்தன. காலையிலேயே ரப்பர் கிளவுஸ் மாட்டி, ஏணியில் ஏறி, ஆறு ஸ்டார்ட்டர்களையும் திருகி எடுத்தேன். டியூப்கள் ஜம்மென்று எரிந்துகொண்டே இருந்தன.

ஸ்டார்ட்டருக்கு ஆரம்பத்தில் மட்டும்தான் வேலை. சுவிட்ச் போட்டதும் டியூபின் இரண்டு முனைக் கம்பிகளையும் சூடாக்கிவிட்டு விலகிக்கொள்ளும். அது விலகும் நொடியில் சோக் ஒரு உதை கொடுக்கும். உடனே பாதரச ஆவி வழியாகக் கரண்ட் பாயும். அதில் பிறக்கும் கண்ணுக்குத் தெரியாத ஒளியை, உள்ளே பூசிய வெள்ளைப் பொடி வெளிச்சமாக மாற்றும். அதன்பின் ஸ்டார்ட்டர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? ஆனால் ஒரு தடவை அணைந்தால், அது இல்லாமல் மறுபடி எரியாது.

பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. பம்ப் ரூமில் எமர்ஜென்சி விளக்கு ஒன்றுதான் எரிந்தது. மேடம் மேலேயிருந்து இறங்கி வருவதற்குள் ஹரிஹரன் வேர்த்து விறுவிறுத்து ஓடிவந்தார்.

"ராபியா, இன்னாச்சும்மா?"

"தெர்லியே சார். டியூப் போச்சோ இன்னாவோ."

சுவிட்சைக்கூட அணைக்காமல் ஏணியில் ஏறினார். திருகத் தெரியாமல் டியூபைப் பிடித்து இழுத்தார். அது நழுவித் தரையில் வெடித்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. மேடத்தின் முன்னால் அவர் திருதிருவென்று முழிப்பார் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

"ஏய், தொடப்பத்த எடு! சீக்கிரம் பெருக்கு!" என்று வாசலில் நின்ற பூங்கொடியைப் பார்த்துக் கத்தினார். கல்யாணியின் இடத்துக்கு வந்தவள் அவள். துடைப்பத்தோடு உள்ளே வந்து குனிந்தாள்.

அவளைப் பெருக்க விட்டிருந்தால் மேடம் கண்ணாலேயே பார்த்திருப்பார், ஹரிஹரன் கதை முடிந்திருக்கும். விட்டுவிடலாம் என்றுதான் ஒரு நொடி நினைத்தேன். அதை மறைக்க மாட்டேன். அவளுடைய வெறுங்கை கண்ணாடிக்குப் பக்கத்தில் போனதும் துடைப்பத்தைப் பிடுங்கினேன்.

"நீ வெளிய போ பூங்கொடி. இங்க நிக்காத."

டியூப் உடைந்தால் எல்லோரும் வெளியேறி, கதவைத் திறந்து போட்டு, கால் மணி நேரம் காற்றாட விட வேண்டும். அப்புறம் கையுறை போட்டு, துண்டுகளை அட்டையால் அள்ளி, பொடியை டேப்பால் ஒற்றியெடுத்து, மூடி வைக்க வேண்டும். துடைப்பம் படவே கூடாது, பட்டால் பாதரசம் பரவும், பொடி காற்றில் ஏறும். எல்லாம் தெரிந்துதான் துடைப்பத்தை ஹரிஹரன் கையில் கொடுத்தேன்.

"மேடம் வந்துகினு கீறாங்க சார். மேனேஜரே பெருக்குனா எவ்ளோ நல்ல பேரு!"

பெருக்கினார். வேகவேகமாக, வெறுங்கையோடு பெருக்கினார். நான் வெளியே தள்ளி நின்று பார்த்தேன். ஏழு மாதத்துக்குப் பிறகு மனசு குளிர்ந்தது.

"நிறுத்துங்க! வெளிய வாங்க!" மேடம் வந்துவிட்டார். "மேனேஜருக்கே இதுகூடத் தெரியாதா? யார் கையில தொடப்பம் குடுத்தது?"

"நான்தான்" என்றேன். "தெரிஞ்சேதான் குடுத்தேன். ஸ்டார்ட்டரையும் நான்தான் கழட்னேன்."

மாலை நான்கு மணிக்குள் இருவருக்கும் வேலை போனது. நாவலூர் பஸ் ஸ்டாப்பில் ஒரே நிழலில் நின்றோம். கோவளம் போக நான் கேளம்பாக்கம் பஸ்ஸுக்குக் காத்திருந்தேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான் உனுக்கு இன்னாம்மா துரோகம் பண்ணேன்?"

இந்தக் கேள்விக்காகத்தானே இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

"எனுக்கு இல்ல. கல்யாணிக்கு."

நெற்றியைச் சுருக்கி, நடிப்பே இல்லாமல், நிஜமாகவே யோசித்துப் பார்த்தார்.

"யாரு கல்யாணி?"