ஈரத் துணியில் பிறந்த குட்டி

பிஷ்கெக் நகரச் சுரங்க நடைபாதையில், மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றின் காலை ஏழே கால் மணிக்கு, கண்ணாடி துடைக்கும் ஈரத் துணியிலிருந்து மூன்று கால்களோடு ஒரு குதிரைக்குட்டி பிறந்தது. அதற்கு முந்தின வாரம்தான் அங்கே ஒரு விளையாட்டுச் சுவரை நிறுவியிருந்தார்கள். பன்னிரண்டு எட்டு வைத்தால் கடக்கும் நீளக் கண்ணாடி. விரலால் வரைந்தால் வெளிச்சக் கோடு விழும். விரலை எடுத்ததும் மீன் நீந்தும், பறவை பறக்கும், ஒரு நிமிடத்தில் பொடியாக உதிரும். அதைச் செய்தவள் சாய்கால் என்ற இளம் ஓவியர், கணினி தெரிந்தவள். பள்ளிப் பிள்ளைகளும் அலுவலகக்காரர்களும் வரிசையில் நின்று வரைந்தார்கள். அவர்களுடைய கைரேகைகளைக் காலையில் துடைப்பது பாத்மாவின் வேலை. ஐம்பத்து மூன்று வயதுவரை கையெழுத்தைத் தவிர அவள் வேறெதையும் வரைந்ததில்லை.

அன்று சுவரை அணைக்க மறந்திருந்தார்கள். துணி போன தடமெல்லாம் கோடாயிற்று. வாளி சரிந்ததென்று பாத்மா பாதியில் கையை எடுத்தாள். குட்டி எழுந்து நின்றது, விழுந்தது. இடது பின்னங்கால் இல்லை. ஒரு நிமிடம் கடந்தும் அது உதிரவில்லை. அவள் உள்ளங்கையைக் கண்ணாடியில் வைத்தாள். குட்டி அதில் சாய்ந்து நின்றது. அந்த இடம் மட்டும் வெதுவெதுப்பானது. அதன்பின் பாத்மா ஒரு கையைக் குட்டிக்குக் கொடுத்துவிட்டு மறு கையால் வேலை பார்த்தாள்.

சாய்கால் மூன்று நாள் கணினியைக் குடைந்தாள். "அக்கா, கணக்குப்படி இது இப்ப இருக்கவே கூடாது."

"கணக்கு கெடக்கட்டும். ஒரு காலு போட்டுக் குடு."

சாய்கால் ஒன்றன்பின் ஒன்றாகப் போட்ட நான்கு கால்களும் நிமிடத்தில் உதிர்ந்தன. நான்கு முறையும் குட்டி விழுந்தது. "உங்க கைதான் வேணும் போல அக்கா," என்றாள். ஏப்ரல் கடைசியில் சுவர் வேறு ஊருக்குப் போகும் என்றும், மின்சாரத்தைத் துண்டித்தால் உள்ளே இருப்பதெல்லாம் அணைந்துவிடும் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாள். எதிரே நாலு எட்டில் செல்போன் கடையின் கண்ணாடி இருந்தது. குட்டி அதற்குத் தாவப் பார்ப்பதும் மூன்று காலில் எம்ப முடியாமல் சரிவதும் தினமும் நடந்தது.

பாத்மா சமையலறையில் ஆவி படிந்த சன்னலில் கால் வரைந்து பழகினாள். அவள் கணவர் ரிஸ்குல் சந்தையில் குதிரை இறைச்சி விற்பவர். தேநீரை உறிஞ்சியபடி பார்த்தார்.

"குதிரைக்கு மேசைக் காலு மாட்டப் போறியா?"

"தெனமும் அறுக்குறீங்களே, நீங்க சொல்லுங்க பாப்போம்."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவள் விரலுக்குப் பக்கத்தில் தன் விரலை வைத்தார். "தொடை இங்க ஆரம்பிக்குது. இது முட்டி இல்ல, குதிகால். பின்னாடி துருத்திக்கிட்டு நிக்கணும்." முப்பது வருடத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் விளையாட்டு அது. தேநீர் ஆறிப்போனது.

ஒரு ஞாயிறு ரிஸ்குல் குட்டியைப் பார்க்கப் போனார். அவரைக் கண்டதும் அது நொண்டிக்கொண்டு சுவரின் மறுகோடிக்குப் போய் ஒண்டியது. அவர் வந்த வழியே திரும்பினார். மறுவாரம் அவர் கடையில் ஆட்டிறைச்சி தொங்கியது. குதிரைக்கு ஆள் வருவதில்லை என்று கேட்டவர்களிடம் சொன்னார். வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கடைசி நாள் ஆட்கள் திருப்புளியோடு வந்தார்கள். சாய்கால் மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அவசரமில்ல அக்கா," என்றாள். பாத்மா விரலைக் கண்ணாடியில் வைத்தாள். தொடை, குதிகால், குளம்பு.

"கொஞ்சம் நீளமாப் போச்சு," என்றார் பின்னால் நின்ற ரிஸ்குல்.

"இருக்கட்டும். வளர்ற புள்ளதான."

ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. கால் உதிரவில்லை. குட்டி ரிஸ்குலின் அருகே வந்து அவர் சட்டையை மோந்தது. பிறகு பன்னிரண்டு எட்டும் ஓடி, எதிர்க் கண்ணாடிக்குத் தாவியது. அங்கிருந்து படிக்கட்டின் பளிங்கு, அங்கிருந்து பேருந்தின் சன்னல். சாய்கால் கம்பியைப் பிடுங்கினாள்.

ஒன்பது வருடமாகிறது. அது இப்போது வளர்ந்த பெட்டைக் குதிரை. ஓடும்போது இடப்பக்கம் லேசாக எம்பும். அந்நகரில் கண்ணாடி மாற்ற வருகிறவர்கள் பழைய கண்ணாடியைக் கழற்றுமுன் இரண்டு தட்டு தட்டிப் பார்க்கிறார்கள். உள்ளே குதிரை நின்றால், அது போகும்வரை இன்னொரு கோப்பைத் தேநீர் வாங்கிக் குடிக்கிறார்கள்.