டேப் அக்கா எடுத்த அளவு

டேப் அக்கா தைத்த பேன்ட் நீளம் சரியில்லை என்று யாரும் கடைக்குத் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. வந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் வந்த வேகத்திலேயே, பேன்ட் சரியாகத்தான் இருக்கிறது, மாறியது தங்கள் உடம்புதான் என்று ஒப்புக்கொண்டு போயிருக்கிறார்கள். அப்படி ஒரு வாய், அப்படி ஒரு நம்பிக்கை. தூங்கும்போது தவிர மற்ற நேரமெல்லாம் டேப் அவள் கழுத்தில் தொங்கும். ஒருமுறை ஜுரத்துக்கு மருந்து வாங்கப் போனவளின் கழுத்தைப் பார்த்து, புதிதாக வந்த நர்ஸ் டாக்டர் என்று நினைத்து எழுந்து நின்றதாகக் கேள்வி. அக்கா உட்காரச் சொன்னாளாம்.

இப்படிப்பட்டவள் சைக்கிள் வாங்கக் கிளம்பியதற்குக் காரணம் அவளுடைய நாத்தனார், புருஷனுக்கு மூத்தவள். நாத்தனார் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு வெளியே இருக்கிற ஏரிவரை சைக்கிளில் போய்வர ஒரு கூட்டம் சேர்த்து வைத்திருக்கிறாள். ஏரிக்கரைக்கு முதலில் போய் நின்றுகொண்டு, கடைசியாக வருகிறவர்களுக்கு விசில் ஊதுவாள். கடைசியாக வருகிறவர்கள் என்று நாம் பன்மையில் சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வருவது ஒரே ஆள். புருஷனின் பழைய சைக்கிளை, அது சைக்கிளா கட்டிலா என்று தெரியாத கனத்தோடு மிதித்துக்கொண்டு, டேப் அக்கா மூச்சிரைக்க வந்து சேரும்போது மற்றவர்கள் டீ குடித்து முடித்திருப்பார்கள். "வந்துட்டியா, சரி, கிளம்பலாம்" என்பாள் நாத்தனார். அக்கா உட்காரக்கூட நேரம் இருக்காது.

ஆகவே ஒரு ரோடு பைக். மெல்லிய டயர், ஆட்டுக்கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில். வாங்கினால் ஸ்டீல்தான் என்று அக்கா ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிட்டாள். கூட்டத்தில் லேசான கார்பன் சைக்கிள் வைத்திருக்கிற ஒன்றிரண்டு பேர் ஒரே விரலால் அதைத் தூக்கிக் காட்டினார்கள். அக்கா அசரவில்லை. ஸ்டீல் நல்ல கோட்டுத் துணி மாதிரி, வளைந்து கொடுத்துவிட்டுத் திரும்பத் தன் இடத்துக்கே வந்து நிற்கும் என்று அவர்களுக்கே பாடம் எடுத்தாள். நாத்தனார் அதைக் காதில் வாங்காதது போல இருந்துவிட்டு, அடுத்த வாரம் தானும் ஸ்டீல் பைக் வாங்கப் போவதாக அறிவித்தாள். அந்த யோசனை தன் தலையில்தான் பிறந்தது என்கிற மாதிரி.

ஊரில் அந்த மாதிரி சைக்கிள் விற்பது ஒரே கடைதான். கடைக்காரன் சக்கரக் கம்பி மாதிரி ஒடிசலான ஆள் என்பதால் எல்லாருக்கும் அவன் ஸ்போக். அவனிடம் ஸ்டீலில் இருந்தவை இரண்டே இரண்டு: சின்ன சைஸில் ஒரு நீலம், நடு சைஸில் ஒரு பச்சை. அடுத்த லோடு எப்போது வரும் என்று அவனுக்கே தெரியாது. யாருக்கு எது பொருந்தும் என்று பார்க்க, காலின் உள்பக்க அளவு வேண்டும் என்று போனில் கேட்டான். செருப்பில்லாமல் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு தடிப் புத்தகத்தை என்று அவன் ஆரம்பித்ததும் அக்கா குறுக்கிட்டாள்.

"தம்பி, நான் எத்தனை கால் பாத்திருப்பேன்னு உனக்குத் தெரியுமா?"

ஸ்போக்குக்குத் தெரியாது. வாயை மூடிக்கொண்டான். அக்கா தன் பேன்ட் அளவைச் சொன்னாள். அதே மூச்சில் நாத்தனாரின் அளவையும் மனப்பாடமாகச் சொன்னாள். நாத்தனாருக்கு ட்ராக் பேன்ட் தைப்பதும் அவள்தானே. அந்தக் கணக்கில் நீலம் அக்காவுக்கு, பச்சை டீச்சருக்கு என்று ஸ்போக் எடுத்து வைத்துவிட்டான்.

உண்மையைச் சொன்னால், அக்காவுக்குப் பச்சையின் மேல்தான் கண். பத்து நாளாக அந்தக் கடை வழியாகத்தான் நூல் வாங்கப் போனாள். நூல் கடை எதிர்த்திசையில் இருக்கிறது. ஆனால் கலர் என்பது பார்க்கிறவனுக்கு, அளவு என்பது போட்டுக்கொள்கிறவனுக்கு என்று தன் கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிச் சொல்லியே வயிறு வளர்த்தவள். சொன்ன வாயாலேயே ஆசையை விழுங்கிக்கொண்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் புருஷன் தன் பள்ளிக்கூட வேனில் அவளைக் கொண்டுவந்து இறக்கினார். அவர் அதிகம் பேசாதவர். வாரம் முழுக்கப் பிள்ளைகளின் இரைச்சலைச் சுமந்துவிட்டு, லீவு நாளில் காதுக்கு ஓய்வு கொடுக்கிறவர். வேன் கதவைத் திறந்து போட்டு, படியில் உட்கார்ந்துகொண்டார். கடைக்குள் ரப்பர் வாசனையும் எண்ணெய் வாசனையும் கலந்து அடித்தன. கூரைக் கொக்கிகளில் சைக்கிள்கள் முன்சக்கரத்தால் தொங்கின. ஸ்போக் நீலத்தை ஸ்டாண்டிலிருந்து கழற்றி, டயரை அமுக்கிப் பார்த்து, பிரேக்கை இரண்டு தரம் பிடித்துக் காட்டிவிட்டு அவள் கையில் கொடுத்தான்.

"சும்மா ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்கக்கா. அந்த மேட்டுல ஏறி இறங்கினா எல்லாம் தெரிஞ்சிடும்."

அக்கா ஏறினாள். பத்தடி போவதற்குள் முழங்கால்கள் இரண்டும் மாறி மாறி நெஞ்சுவரை வந்து நலம் விசாரித்துவிட்டுப் போயின. கை நீட்ட இடமில்லாமல் முழங்கை மடங்கி நின்றது. மேட்டில் தொடை தீப்பிடித்தது. எத்தனை மிதித்தாலும் கால் ஒருமுறைகூட நீளவில்லை. திரும்பி வந்து இறங்கி, மூச்சைச் சரிசெய்துகொண்டு, "பிரமாதம்" என்றாள்.

ஸ்போக் அவள் காலைப் பார்த்தான், சைக்கிளைப் பார்த்தான், சீட்டை உயர்த்தினான். அதற்குமேல் தூக்கக்கூடாது என்று கம்பியில் போட்டிருந்த கோடுவரை உயர்த்தினான். அக்கா இன்னொரு ரவுண்டு போனாள். இந்தத் தடவை சீட் மேலேயும் ஹேண்டில் கீழேயுமாக, பள்ளத்தில் எதையோ தேடுகிறவள் மாதிரி வந்தாள்.

"இப்ப இன்னும் பிரமாதம்" என்றாள்.

வேன் படியிலிருந்து புருஷன் வாய் திறந்தார். "சர்க்கஸ்ல கரடி ஓட்டுமே, அது மாதிரி இருக்கு."

"உங்களுக்கு வேன் ஓட்டத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு அக்கா மூன்றாவது ரவுண்டு கிளம்பினாள். கரடி என்ற சொல் கூடவே வந்தது. கடையின் முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதைத் தாண்டும்போது தலையைத் திருப்பிப் பார்த்தாள். அங்கே ஒரு பொம்பளை, தங்கையின் உடுப்பை மாட்டிக்கொண்டவள் மாதிரி, ஒரு சின்ன சைக்கிளை மாட்டிக்கொண்டு போனாள். முகத்தில் இழுத்துப் பிடித்த ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பை அக்கா நன்றாக அறிவாள். டிரையலுக்கு வந்து, இடுப்புக் கொக்கி மாட்டாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு, சூப்பரா இருக்கு என்று சொல்கிறவர்களின் சிரிப்பு அது. அவர்களை அவள் நம்பியதே இல்லை. உட்காரு, குனி, கையைத் தூக்கு என்று ஆட்டி வைத்து, துணி எங்கே பிடிக்கிறது என்று தானே பார்ப்பாள்.

கடை வாசலில் இறங்கி, சைக்கிளைச் சாய்த்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "தம்பி, அந்தப் புத்தகம் எங்க?"

ஸ்போக் ஒரு தடித்த பார்ட்ஸ் கேட்லாக்கைக் கொண்டுவந்தான். எங்கே வைக்க வேண்டும் என்று சொல்வதற்குள் அவனுக்கு வேர்த்துவிட்டது. அந்த வேலையை அக்கா புருஷனிடம் கொடுத்தாள். வெறுங்காலோடு சுவரில் ஒட்டி நின்றாள். புத்தகத்தின் முதுகுப்பக்கம் மேலே இருக்கும்படி, இரண்டு கால்களுக்கும் நடுவில், எலும்பில் இடிக்கும்வரை உயர்த்திப் பிடித்தார் அவர். கடைக்கு முன்னால் போன ஒன்றிரண்டு பேர் நடையைக் குறைத்தார்கள். அக்கா சட்டை செய்யவில்லை. டேப் மட்டும் தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்றாள். ஸ்போக் தரையில் மண்டியிட்டு டேப்பைப் படித்தான். அவள் சொன்னதைவிட இரண்டு இஞ்ச் கூட.

இன்னொரு தரம் எடுக்கச் சொன்னாள். இரண்டு இஞ்ச் கூடவே இருந்தது.

"பேன்ட்டுக்கு நீங்க சொன்னது சரிதாங்கக்கா" என்றான் ஸ்போக் தயவோடு. "தையல் உட்கார்ற எடத்துலேருந்து துணி முடியற எடம் வரைக்கும் எடுக்கறீங்க. சைக்கிள் என்ன பேன்ட்டா போடுது? அதுக்கு எலும்புலேருந்து தரை வரைக்கும் வேணும்."

அக்கா பச்சையைக் கையால் காட்டினாள், சும்மா பார்க்கத்தான் என்று.

சும்மா பார்க்கப் போனவள் மேட்டில் ஏறியதே தெரியவில்லை. கால் அடிவரை நீண்டு, அழுத்தி, திரும்பி வந்தது. ரோட்டில் இருந்த வெட்டுப் பள்ளத்தை ஸ்டீல் வாங்கிக்கொண்டு, அவளுக்கு ஒரு சின்னத் தட்டலாக மட்டும் சொன்னது. இறக்கத்தில் காற்று டேப்பைத் தூக்கி முதுகுக்குப் பின்னால் பறக்கவிட்டது. ஒரு ரவுண்டு என்று போனவள் நாலு ரவுண்டு போனாள். திரும்பி வந்தபோது பிரமாதம் என்றெல்லாம் சொல்லவில்லை. சீட்டைத் தடவிக்கொண்டு நின்றாள். புருஷன் அதைக் கவனித்துக்கொண்டார்.

இப்போது சிக்கல் இதுதான். பச்சை நாத்தனாருக்கு எடுத்து வைத்தது. சாயங்காலம் வந்து எடுத்துக்கொண்டு போகப் போகிறாள். ஆனால் தன் அளவு தப்பென்றால், அதே டேப்பில் அதே முறையில் எடுத்த நாத்தனார் அளவும் தப்பு. தனக்கு நீலம் எப்படியோ அப்படித்தான் நாத்தனாருக்குப் பச்சை. நியாயமாக அவளுக்கு வேண்டியது அடுத்த பெரிய சைஸ். ஆக, பச்சை அக்காவுக்குத்தான். வாங்குவதற்கு ஒரே ஒரு வழி, நாத்தனார் முகத்தைப் பார்த்து, நான் எடுத்த அளவு தப்பு என்று சொல்வது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாக்கியம் அவள் வாயில் வந்ததில்லை.

சொல்லாமலும் இருக்கலாம். நீலத்தை இவளும் பச்சையை அவளுமாக ஓட்டி, இரண்டு பேரும் முழங்கால் தேய்ந்து போகலாம். டேப்பின் மானம் போகாது. ஒரு கணம் அதுகூட அவ்வளவு மோசமாகத் தெரியவில்லை. அவள் படும் பாட்டைப் பார்த்து ஸ்போக், கம்பெனிக்காரன் சைஸை மாற்றிவிட்டான் என்று தான் சொல்லிக்கொள்வதாக முன்வந்தான். நல்ல யோசனைதான். ஆனால் அப்படிச் சொன்னால் நாத்தனார் அடுத்த லோடிலும் அதே பொய் அளவைக் கொடுத்துத்தான் ஆர்டர் போடுவாள். தெரிந்தே கோணலாக வெட்டுவதற்கு அக்காவுக்குக் கை வராது.

"என்ன பண்ணப் போறே?" என்றார் புருஷன்.

"சொல்லப் போறேன்."

அவர் வேன் படியிலிருந்து எழுந்து கடைக்குள் வந்து நின்றார். இதைத் தூரத்திலிருந்து கேட்க அவருக்கு மனமில்லை போலிருக்கிறது.

நாத்தனார் பள்ளிக்கூட மேட்ச் முடிந்து, கழுத்தில் விசிலோடு நேராக வந்தாள். கழுத்தில் டேப்போடு அக்கா எதிரில் போய் நின்றாள்.

"அண்ணி, நான் குடுத்த அளவு தப்பு."

"என்ன சொன்னே?"

"உங்களுக்குக் காது நல்லாத்தான் கேக்குது."

"கேட்டுச்சு. இன்னொரு தடவ கேக்கணும் போல இருக்கு."

அக்கா இன்னொரு தடவை சொன்னாள். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாகவே, துணி விலை சொல்கிற மாதிரி சொன்னாள். எலும்பு, தரை, இரண்டு இஞ்ச் எல்லாவற்றையும் விளக்கினாள். நாத்தனார் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முழுசாகக் கேட்டாள்.

"அப்ப என்னோட அந்தக் கறுப்பு ட்ராக் பேன்ட்டு? கணுக்கால் தெரியுதுன்னு கேட்டதுக்கு, எனக்குக் கால் வளந்துடுச்சுன்னு சொன்னியே?"

"அது சரியான அளவுதான். அதப் பத்திப் பேசாதீங்க."

நாத்தனார் தன் தம்பியை, அக்காவின் புருஷனைப் பார்த்தாள். அவர் கூரையில் தொங்கிய சைக்கிள்களை எண்ணிக்கொண்டிருந்தார். அவள் எழுந்து பச்சையை எடுத்துக்கொண்டு போனாள். மேட்டில் ஏறித் திரும்பி வந்தாள். இறங்கவில்லை. ஹேண்டிலை விடாமல் அப்படியே நின்று, நன்றாகத்தானே இருக்கிறது, கொஞ்சம் குனிந்து ஓட்டிக்கொள்ளலாம் என்றாள். குரலில் விஷமம் வழிந்தது. அவள் எடுத்துக்கொண்டு போனால் யாரும் தடுக்க முடியாது. எடுத்து வைத்தது அவள் பெயரில்.

அக்கா கெஞ்சவில்லை. டிரையலில் நிற்கிற ஆளிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"தம்பி, சீட்டக் கோடு வரைக்கும் தூக்கு. அண்ணி, அதுல உக்காருங்க. ஸ்போக் தம்பி பிடிச்சுக்கட்டும். பெடலைக் கீழ கொண்டுபோங்க. கால் நீளுதா?"

நாத்தனார் பெடலைக் கீழே கொண்டுபோனாள். முழங்கால் மடங்கியே நின்றது. எத்தனையோ பிள்ளைகளுக்குக் காலை நீட்டு, காலை நீட்டு என்று கத்துகிறவளுக்குப் பொய் சொல்ல வழியில்லை.

"நீளல."

"அப்ப அது உங்களுது இல்ல, அண்ணி."

நாத்தனார் இறங்கினாள். பெரிய சைஸுக்கு ஆர்டர் கொடுத்தாள். அளவெடுக்கும்போது புத்தகத்தை அக்கா பிடித்துக்கொள்ளலாம், ஆனால் டேப்பைப் படிப்பது ஸ்போக்தான் என்று நிபந்தனை போட்டாள். அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு புத்தகத்தைப் பிடித்தாள். கூடவே, இந்த விஷயத்தைத் தெருவில் சொல்லாமல் இருக்க முடியாது என்றும் நாத்தனார் சொன்னாள்.

"சொல்லுங்க. என் வாயால சொன்னேன்னும் சேத்துச் சொல்லுங்க."

சேர்த்துத்தான் சொன்னாள். போன் போட்டுச் சொன்னாள். அக்கா பச்சையில் தெருமுனைக்கு வந்தபோது, அவள் கடை வாசலில் மூன்று பேர் பேன்ட்டும் கையுமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தர் அங்கேயே செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரில் சாய்ந்து நின்று காலை அளந்து பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா வேகத்தைக் குறைக்கவில்லை.

"எல்லாம் சரியான அளவுதான். உக்காந்திருங்க, வர்றேன்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு, ஒரு கியர் மாற்றி, ஏரிப் பக்கம் திரும்பினாள்.