உட்கார்ந்து செய்யும் வேலை

பதினேழு வருடமாக நான் பார்ப்பது ரப்பர் வளையம். தண்ணீர்க் குழாய்க்குள் இருக்குமே, அதுதான். வெளிச்ச மேசையில் பரப்பிப் பார்க்க வேண்டும். நல்லது பச்சைத் தட்டு, கெட்டது சிவப்புத் தட்டு, சந்தேகம் என்றால் மஞ்சள் தட்டு. கண்ணால் பார்க்காமல் உத்தேசமாக எதையும் சொல்லக்கூடாது. எங்கள் மேசையில் அதுதான் முதல் விதி.

போன மாதம் கேமரா வைத்த மெஷின் ஒன்று வந்து இறங்கியது. நாங்கள் ஒன்பது பேரும் அரை நாள் பார்ப்பதை அது பத்து நிமிடத்தில் பார்த்துவிடுகிறது. மறுவாரமே ஆளுக்கொரு படிவம் கொடுத்தார்கள். பேக்கிங் பிரிவுக்குப் போகிறேன் என்று ஒரு கட்டம். வேலையை விட்டு விலகுகிறேன் என்று ஒரு கட்டம். கீழே 'வேறு' என்று காலியாக ஒன்று. பதினைந்து நாள் கெடு.

பேக்கிங்கில் எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். என் வலது முழங்கால் ஒரு மணி நேரத்துக்கே வீங்கிவிடும், டாக்டரும் கூடாது என்று சொல்லிவிட்டார். விலகினால் நாற்பத்தாறு வயதில் என்னை யார் கூப்பிடப்போகிறார்கள்? எனக்கு வேறு வேலையும் தெரியாது. 

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்காரர் போனை நீட்டினார். அவர் டெலிவரி வேன் ஓட்டுகிறார்.

"நெட்ல ஒரு டெஸ்ட் இருக்கு. நமக்கு எந்த வேலை தோதுப்படும்னு அதுவே சொல்லுதாம். போட்டுப் பாரேன்."

அறுபது கேள்வி. மெஷின் ரிப்பேர் செய்யப் பிடிக்குமா, பலர் முன்னால் பேசப் பிடிக்குமா, செடி வளர்க்கப் பிடிக்குமா என்று போனது. நிதானமாக ஒரு மணி நேரம் உட்கார்ந்து போட்டேன். முடிவு வந்தது: உங்கள் விருப்பங்கள் தெளிவாக இல்லை, எந்தத் துறையையும் பரிந்துரைக்க இயலவில்லை.

போனை அவரிடமே நீட்டினேன். அவர் போனை வாங்கி மேலே தள்ளிப் பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"ஏம்மா, அம்பத்திரெண்டு கேள்விக்கு 'சொல்லத் தெரியவில்லை'ன்னு போட்டிருக்க!"

"செஞ்சு பாக்காத வேலையை எப்படிங்க பிடிக்கும்னு சொல்றது?"

"அத்தனையையும் மஞ்சத் தட்டுல போட்டா அது பாவம் என்ன பண்ணும்? என்னையாவது பச்சைத் தட்டுல வச்சிருக்கியா?"

"இருபத்திரெண்டு வருஷமா செக் பண்ணிட்டுதான் இருக்கேன். இன்னும் முடியல."

மறுபடி போடச் சொன்னார். இந்த முறை அவர் வாசிக்க வாசிக்க, யோசிக்காமல் நான் பதில் சொல்ல வேண்டும். இழுத்தால் தலையில் ஒரு குட்டு. ஐந்து நிமிடத்தில் முடிந்தது. நுணுக்கமாகப் பார்க்கும் வேலை, ஒரே இடத்தில் இருந்து செய்யும் வேலை என்று சொல்லி ஒரு பட்டியல் வந்தது. அதில் மூன்றாவது, அளவுக்கருவிகளைச் சரிபார்ப்பவர். அப்படி ஒரு வேலை இருப்பதே எனக்குத் தெரியாது.

வீடியோ தேடிப் பார்த்தேன். ஒரு பெண்மணி தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டர், தெர்மாமீட்டர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து, சரியாகக் காட்டுகிறதா என்று பார்த்துக் குறித்துக்கொள்கிறார். அவர் என்ன பேசினார் என்பது எனக்கு ஏறவே இல்லை.

"ஏங்க, இங்க பாருங்க. அந்தம்மா உக்காந்திருக்காங்க!"

இலவசப் பாடமும் நெட்டிலேயே கிடைத்தது. தினமும் வேலை முடிந்து வந்ததும் ஒரு பாடம். முதல் பரீட்சையில் இருபதுக்குப் பதினெட்டு. பள்ளிக்கூடத்தில்கூட நான் அப்படி வாங்கியதில்லை.

அடுத்த ஞாயிறு, பக்கத்தில் எங்காவது இந்த வேலை இருக்கிறதா என்று தேடினேன். நான்காவதாக வந்த பெயரைப் பார்த்துக் கண்ணைக் கசக்கிக்கொண்டேன். எங்கள் கம்பெனி! அளவுக்கருவி அறைக்கு உதவியாளர் ஒருவர், தரச் சோதனையில் ஐந்து வருட அனுபவம் போதும். விளம்பரம் போட்டு இருபது நாள் ஆகியிருந்தது. எங்களுக்கு அறிவிப்பு என்றால் வருகைப் பதிவு மெஷினுக்குப் பக்கத்துப் பலகைதான். கம்பெனி வெப்சைட் வெளியாட்களுக்கு என்றுதான் ஒன்பது பேரும் நினைத்திருந்தோம்.

திங்கட்கிழமை எச்.ஆர். அறைக்குப் போனேன். அங்கிருந்த பெண் தலை நிமிராமலே சொன்னாள்.

"ரெண்டுல ஒண்ணு டிக் பண்ணிக் குடுங்கக்கா."

"மூணாவதுல எழுதியிருக்கேம்மா."

படித்துவிட்டு நிமிர்ந்தாள். "இது காலியா இருக்குன்னு யாரு சொன்னா?"

"நீங்கதாம்மா. வெப்சைட்ல போட்டிருக்கீங்களே."

அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "உங்கள்ல யாருமே கேக்கலையேன்னு நானும் பார்த்துட்டே இருந்தேன்க்கா" என்றபடி போனை எடுத்தாள்.

அளவுக்கருவி அறையின் தலைவர் வந்தார். அதிகம் பேசாத மனிதர். ஒரு இரும்புத் துண்டையும் மைக்ரோமீட்டரையும் கொடுத்து, "அளந்து சொல்லுங்க" என்றார். அளப்பதற்கு முன்னால் கருவியின் வாயை, நடுவில் எதுவும் வைக்காமல், மூடிப் பார்க்க வேண்டும் என்று இரண்டாவது பாடத்தில் சொல்லியிருந்தார்கள். மூடினேன். பூஜ்யத்தில் நிற்கவில்லை, கொஞ்சம் தள்ளி நின்றது.

சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு நிமிடம் தடுமாறினேன். பெரிய மனிதர் கொடுத்த கருவியைக் குறை சொல்வதா?

"சார், கருவியிலயே தப்பு இருக்கு. இதுல அளந்தா சரியா வராது."

"எவ்வளவு தப்பு?"

"ரெண்டு கோடு கூட."

"தெரிஞ்சுதான் குடுத்தேன். வெளியிலேர்ந்து வந்த நாலு பேரு அளந்து நம்பரை மட்டும் சொல்லிட்டுப் போயிட்டாங்க." எச்.ஆர். பெண்ணைப் பார்த்தார். "இவங்களைப் போட்டுடும்மா. மூணு மாசம் பயிற்சி, சம்பளம் இப்ப இருக்கறதே இருக்கட்டும்."

வெளியே வந்து வராந்தாச் சுவரில் சாய்ந்துகொண்டேன். இரண்டு வாரமாக நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"என்ன, விரட்டிட்டாங்களா?" என்று வழக்கம்போல ஆரம்பித்தார்.

"எடுத்துட்டாங்க. அளவுக்கருவி அறைக்கு. உக்காந்து செய்யற வேலைதான்."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"அலோ, இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன். வண்டியை ஓரமா நிறுத்திட்டேன். நீ முழுசா சொல்லு."